கம்பியில்லாச் சென்சார் கொண்டு இயந்திரப் பழுதை முன்னறிதல்: கொங்குப் பகுதி ஆலைகளுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

நூற்பாலையிலோ சாய ஆலையிலோ நெடுங்காலம் வேலை பார்த்த ஃபிட்டர் ஒருவர் மோட்டாரின் நிலையைப் பார்க்கும் விதத்தைக் கோவையிலும் திருப்பூரிலும் ஆலைக்குள் கால்வைத்த எவரும் கண்டிருப்பார்கள். நீளமான திருப்புளியின் முனையை, சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் அமர்ந்திருக்கும் கூட்டின் மேல் ஊன்றி, அதன் பிடியைக் காதை ஒட்டிய எலும்பில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் நிற்பார். பிறகு, "ஏனுங்க, நேத்தைக்கு இருந்த சத்தம் இன்னைக்கு இல்லீங்க, கொஞ்சம் கரகரன்னு வருதுங்க" என்பார். அவர் செய்ததில் மூன்று செயல்கள் அடங்கியுள்ளன. இயந்திரத்தின் அதிர்வை அவர் உணர்ந்தார், தினமும் அதே இடத்தில் வைத்து உணர்ந்தார், நேற்றைய நினைவுடன் அதை ஒப்பிட்டார். இந்தக் கட்டுரையில் விவரிக்கப்படும் கம்பியில்லாச் சென்சாரும் இந்த மூன்றையே செய்கிறது. அவர் நாளுக்கு ஒருமுறை வருவார், சென்சார் மணிக்கு ஒருமுறை அளக்கும். அவர் நினைவில் வைத்ததை இது எண்ணாக எழுதி வைக்கும். அவர் செய்யும் நான்காவது வேலை ஒன்று உண்டு. பழுதான பேரிங்கைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்து, தாம் கேட்ட சத்தத்துக்குக் காரணம் இதுதான் என்று மனத்தில் பதிய வைத்துக்கொள்வார். அதைச் சென்சார் செய்யாது. அந்த நான்காவது வேலையை ஆலை தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் சில மாதங்களில் யாரும் பார்க்காத திரையாகிவிடும் என்பதே இத்துறையில் என் அனுபவம்.

கருவியைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டிக்குள் அதிர்வை உணரும் சிறு சில்லு, வெப்பநிலை உணரி, பேட்டரி, வானலை அனுப்பி ஆகியவை இருக்கும். அது அனுப்பும் அளவுகளைக் கேட்வே என்னும் மற்றொரு பெட்டி வாங்கி, ஆலையின் கணினிக்கோ இணையச் சேவையகத்துக்கோ அனுப்பும். திரையில் பெரும்பாலும் மூன்று எண்கள் தெரியும். முதலாவது அதிர்வு வேகம். இது நொடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று தரப்படும், சமநிலைக் குலைவு (சுழலும் பகுதியின் எடை ஒரு பக்கம் கூடுவது), அச்சு விலகல் (இணைந்த இரு தண்டுகள் நேர்கோட்டில் இல்லாதது), தளர்வு போன்ற கோளாறுகளை இதில் காணலாம். இரண்டாவது உயர் அதிர்வெண்ணில் எடுக்கப்படும் முடுக்கம். பேரிங்கின் குண்டுகள் உருளும் ஓடுதளத்தில் விழும் சிறு பொத்தல் முதலில் தலைகாட்டுவது இதில்தான். மூன்றாவது வெப்பநிலை. புதியவர்கள் மூன்றாவதையே அதிகம் நம்புகிறார்கள், ஏனென்றால் அது கையால் தொட்டுப் பார்த்துப் பழகியது. ஆனால் உருளும் பேரிங்கைப் பொறுத்தவரை வெப்பம் பெரும்பாலும் கடைசியாக வரும் செய்தி. கூடு கையைச் சுடும் நேரத்தில் உங்களிடம் எஞ்சியிருப்பது நாட்கள் அல்ல, மணிகளாகவும் இருக்கலாம்.

முதற்படி: எந்த இயந்திரத்தில் தொடங்குவது

எல்லா மோட்டாருக்கும் ஒன்று என்று வாங்கித் தொடங்கியவர்கள் பெரும்பாலும் பாதியில் கைவிடுகிறார்கள். மூன்று முதல் ஐந்து இயந்திரங்களில் தொடங்குங்கள். ஒவ்வொரு இயந்திரத்தின் முன்னும் நின்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்: இது இப்போது நின்றால், இதனுடன் வேறு எவையெல்லாம் நிற்கும்?

நூற்பாலையில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் ஒன்று நின்றால் அந்த ஒரு ஃபிரேமின் உற்பத்தி மட்டும்தான் போகும். ஆனால் ஈரப்பத நிலையத்தின் விசிறி நின்றால், ஏறக்குறைய 55 முதல் 60 விழுக்காட்டில் நிற்க வேண்டிய காற்றின் ஈரப்பதம் இறங்கி, அந்தப் பிரிவு முழுவதும் நூல் அறுந்துகொண்டே இருக்கும். ஆகவே ஃபிரேமை விட்டுவிட்டு விசிறியில் தொடங்குவதே முறை. திருப்பூரில் நிலைமை இன்னும் கடுமையானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவால் சாய, சலவை ஆலைகள் மூடப்பட்டதையும், அதன் பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத சுத்திகரிப்பு முறைக்கு அவை மாற வேண்டியிருந்ததையும் அந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நிலையத்தில் உயிரியல் தொட்டிக்குக் காற்றூதும் புளோயர் நின்றால் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் கிடைக்காது, தொட்டி கெட்டால் நீரை எடுக்க முடியாது, நீரை எடுக்க முடியாவிட்டால் சாயம் ஏற்றுவதையே நிறுத்த வேண்டும். நீரைச் சவ்வின் வழியே செலுத்தி உப்பை நீக்கும் ஆர்ஓ பிரிவின் உயரழுத்தப் பம்பும், பாய்லரின் புகையை இழுத்து வெளியேற்றும் ஐடி ஃபேனும், பின்னலாடை ஆலைக்கும் ஏர்ஜெட் தறிக்கும் காற்று தரும் ஸ்குரூ கம்பரசரும் இதே வரிசையில் வருபவை. காங்கயத்து அரிசி ஆலையில் எலிவேட்டரை இயக்கும் மோட்டாரும், பொள்ளாச்சி தென்னைநார் ஆலையில் நாரைப் பிரிக்கும் பெரிய உருளையின் பேரிங்குகளும் அப்படித்தான்.

மாற்று இயந்திரம் தயாராக நிற்கும் இடத்தைத் தள்ளி வைக்கலாம். நொடிக்கு நொடி வேகமும் சுமையும் மாறும் இயந்திரம், முட்டி மோதி இயங்குவதையே இயல்பாகக் கொண்ட விசைத்தறி, பிஸ்டன் கம்பரசர் ஆகியவையும் முதல் முயற்சிக்கு ஏற்றவை அல்ல. அவற்றின் அதிர்விலிருந்து பழுதைப் பிரித்தறிவது கைதேர்ந்தவர்களுக்கே கடினம்.

இங்கே ஒன்றை இடையில் சொல்ல வேண்டும். தோட்டத்து ஆழ்துளைக் கிணற்றுக்கும் இப்படி ஒன்றைப் பொருத்த முடியுமா என்று உறவினர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பல நூறு அடி ஆழத்தில் நீருக்குள் இருக்கும் நீர்மூழ்கி மோட்டாரில் அதிர்வுச் சென்சாரைப் பொருத்தி வானலையில் செய்தி பெற முடியாது. அதற்கு மேலே உள்ள பேனலில் மூன்று பேஸிலும் மின்னோட்டத்தை அளக்கும் சி.டி. வளையங்களைப் போடுவதே வழி. வழக்கமான ஆம்பியரிலிருந்து திடீரென்று இறங்கினால் பம்பு நீரில்லாமல் ஓடுகிறது என்றும், வாரக்கணக்கில் மெல்ல ஏறிக்கொண்டே வந்தால் மணலோ பேரிங் தேய்மானமோ இறுக்கிப் பிடிக்கிறது என்றும், மூன்று பேஸ்களுக்கு இடையே வேறுபாடு கூடினால் முதலில் மின்னழுத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்றும் கொள்ளலாம்.

இரண்டாம் படி: வாங்கும் முன் கேட்க வேண்டியவை

விற்பவரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி விலையன்று. இந்தச் சென்சார் எத்தனை ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு எத்தனை அதிர்வு வரை, அளக்கும் என்று கேளுங்கள். ஆயிரம் ஹெர்ட்ஸோடு நின்றுவிடும் கருவி சமநிலைக் குலைவையும் அச்சு விலகலையும் நன்றாகக் காட்டும், ஆனால் பேரிங்கில் இப்போதுதான் விழுந்த சிறு பொத்தலைக் காட்டாது. அந்தப் பொத்தலின் மேல் ஒவ்வொரு குண்டும் ஏறி இறங்கும்போது எழும் சிறு அடி, கூட்டைப் பல ஆயிரம் ஹெர்ட்ஸில் மணியைப் போல அதிர வைக்கிறது. ஓர் அதிர்வெண்ணை அறிய, நொடிக்கு அதன் இரண்டு மடங்குக்கும் மேலான மாதிரிகள் எடுக்க வேண்டும் என்பது அடிப்படை விதி, நடைமுறையில் 2.56 மடங்கு எடுப்பது வழக்கம். எனவே ஐந்தாயிரம் ஹெர்ட்ஸ் வரை பார்க்க விரும்பினால் நொடிக்கு 12,800 மாதிரிகள் எடுக்கும் கருவி தேவை.

அடுத்த கேள்வி, சுருக்கிய எண்ணை மட்டும் தருமா அல்லது அலைவடிவத்தையே தருமா என்பது. எச்சரிக்கை பெற எண் மட்டும் போதும், காரணம் அறிய அலைவடிவம் வேண்டும். அவ்வப்போது கேட்டால் தருகிற கருவியாயினும் பரவாயில்லை, அறவே தராததை வாங்க வேண்டாம்.

பேட்டரியைப் பற்றி விளம்பரத்தில் இருக்கும் ஆண்டுக் கணக்கு, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் வரும் கணக்கு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மணிக்கு ஒருமுறை அளந்தால் பல ஆண்டுகள் வரும் பேட்டரி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் அதில் சிறு பங்கு காலமே வரக்கூடும். பேரிங் பழுது பெரும்பாலும் வாரக்கணக்கில் வளரும் என்பதால் மணிக்கு ஒருமுறை என்பது தொடக்கத்துக்குப் போதுமானது. சாய ஆலையில் நீராவியும் காஸ்டிக்கும் பெராக்சைடும் படும், தரையைக் குழாயடித்துக் கழுவுவார்கள் என்பதால், தூசியும் நீரும் புகாமைக்கான ஐபி 67 தரத்துக்குக் குறையாத, துருப்பிடிக்காத எஃகுக் கூட்டையே தேர்ந்தெடுங்கள். துணியை விரித்துச் சூடான காற்றில் உலர்த்தும் ஸ்டென்டர், பாய்லர் ஆகியவற்றின் அருகில் பொருத்துவதானால், பொருத்தப்போகும் இடத்தின் வெப்பத்தை முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள், ஏனெனில் இத்தகைய மின்னணுக் கருவிகள் பலவற்றுக்கு 85 டிகிரி செல்சியஸ் உச்ச வரம்பு. எளிதில் தீப்பற்றும் ஹெக்சேனைப் பயன்படுத்தும் எண்ணெய் ஆலைகளில், தீப்பொறி எழாத பாதுகாப்புச் சான்று பெற்ற சென்சாரைத் தவிர வேறெதையும் உள்ளே கொண்டு செல்லவே கூடாது.

கடைசியாக, அளவுகள் யாருக்குச் சொந்தம் என்று கேளுங்கள். ஆண்டுச் சந்தாவைக் கட்டாவிட்டால் பழைய பதிவுகளைப் பார்க்க முடியுமா, அவற்றைக் கோப்பாக இறக்கிக்கொள்ள முடியுமா என்பதைப் பணம் கட்டும் முன்பே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

வானலை விஷயம்

இத்தகைய சென்சார்களில் வைஃபை, புளூடூத் இரண்டும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குபவை. அலைவடிவம் முழுவதையும் விரைவாக அனுப்ப அவை ஏற்றவை, ஆனால் இரும்பும் நீரும் கான்கிரீட்டும் நிறைந்த இடத்தில் தொலைவு குறுகிவிடும். லோராவான் என்னும் வானலை முறை வெகுதூரம் செல்லும், பேட்டரியைச் சிக்கனமாக உண்ணும். ஆனால் ஒரு செய்தியில் அது ஏற்பது அதிகபட்சம் ஏறக்குறைய 240 பைட்டுகள்தான். பத்தாயிரம் மாதிரிகள் கொண்ட ஓர் அலைவடிவம் இருபதாயிரம் பைட்டுகள் என்று வைத்துக்கொண்டால், அதை அனுப்ப எண்பதுக்கும் மேற்பட்ட செய்திகள் தேவைப்படும். எனவே சென்சாருக்குள்ளேயே கணக்கிட்டு முடிவை மட்டும் அனுப்பும் கருவிக்கே லோராவான் பொருந்தும்.

இணையச் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வெளிநாட்டுப் பெட்டிகளை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் இவ்வகைக் கருவிகள் உரிமமின்றி இயங்குவதற்கு விடப்பட்டுள்ளது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை. அமெரிக்காவுக்கென்று 915 மெகாஹெர்ட்ஸில் செய்யப்பட்டதை இங்கே இயக்குவது சட்டப்படி சரியன்று. தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு வழங்கும் இடிஏ ஒப்புதல் அக்கருவிக்கு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேட்வேயைச் சுவரில் நிலையாகப் பொருத்தும் முன், தற்காலிகமாக உயரத்தில் கட்டிவைத்து, எல்லா ஷிப்டும் ஓடும் நாளில் ஒரு நாள் முழுவதும் செய்திகள் தவறாமல் வருகின்றனவா என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலியான கூடத்தில் நன்றாக வந்த அலை, திங்கட்கிழமை பேல்களும் டிராலிகளும் நிறைந்ததும் நின்றுபோவது உண்டு. கேட்வேக்கு யுபிஎஸ் இணைப்புக் கொடுக்க மறவாதீர்கள்.

பொருத்துதல்: எல்லாம் இங்கேதான் கெடுகிறது

நான் வேலை பார்த்த ஒரு சாய ஆலையில் 30 கிலோவாட் பம்பு மோட்டார் ஒன்றுக்கு முதல் சென்சாரை நானே பொருத்தினேன். மோட்டாரின் பின்புறத்தில் விசிறியை மூடியிருக்கும் தகட்டு மூடி கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது, காந்தமும் அதில் நன்றாக ஒட்டிக்கொண்டது. அன்று மாலையே நொடிக்கு 9 மில்லிமீட்டர் என்று காட்டியது. பயந்துபோய் இரவோடு இரவாக மோட்டாரை இறக்கி இரண்டு பேரிங்கையும் மாற்றினோம். கழற்றிய பேரிங்குகள் கண்ணாடிபோல் மின்னின, கிரீஸ் நிறம்கூட மாறவில்லை. திரும்ப ஓட்டினால் மறுபடியும் 9. மறுநாள் காலையில் ஃபிட்டர் அண்ணன் வந்து அந்த மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார், உடனே எண் பாதியாக இறங்கியது. நான்கு திருகுகளில் இரண்டு இல்லாத மெல்லிய தகட்டின் நடுக்கத்தைத்தான் நாங்கள் அளந்துகொண்டிருந்தோம். சென்சாரை எடுத்து பேரிங் கூட்டின் மேல் வைத்ததும் 1.6 என்று காட்டியது. ஓர் இரவு வேலையும் இரண்டு நல்ல பேரிங்கும் வீண்.

ஆகவே சென்சாரை வைக்கும் இடம் பேரிங் கூடாக மட்டுமே இருக்க வேண்டும். விசிறி மூடி, குளிர்விக்கும் செதில், டெர்மினல் பெட்டி, மெல்லிய பாதுகாப்புத் தகடு ஆகியவற்றில் ஒருபோதும் வைக்கக் கூடாது. பேரிங்குக்கும் சென்சாருக்கும் இடையே எவ்வளவு குறைவான இணைப்புகள் இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது. ஒரு மோட்டாருக்கு ஒன்றுதான் வைக்க முடியும் என்றால், மோட்டாரின் தண்டை இயந்திரத்தோடு இணைக்கும் கப்ளிங் அல்லது புல்லி இருக்கும் பக்கத்தில் வையுங்கள், பெரும்பாலான சுமை அங்கேதான் விழுகிறது.

ஒட்டும் முறையில் மூன்று நிலைகள் உண்டு. திருகி முடுக்குவது மிகச் சிறந்தது, எபாக்ஸிப் பசையால் ஒட்டுவது அதற்கு அடுத்தது, காந்தம் கடைசி. காந்தம் உயர் அதிர்வெண்ணை வடிகட்டிவிடும் என்பதால், பேரிங் பொத்தலை ஆரம்பத்திலேயே பிடிக்க வேண்டிய இடத்தில் அது உதவாது. அலுமினிய உடல் கொண்ட சிறு மோட்டாரில் அது ஒட்டவே ஒட்டாது. பயன்பாட்டில் உள்ள மோட்டாரின் கூட்டில் துளையிட அஞ்சுபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, மரையிட்ட ஓர் எஃகு வில்லையைப் பசையால் ஒட்டி, அதன் மேல் சென்சாரைத் திருகுவது. ஒட்டும் இடத்தில் பெயிண்டை எமரித் தாளால் தேய்த்துப் பளபளக்கும் உலோகம் தெரியும்வரை எடுத்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். பெயிண்டின் மேல் ஒட்டியது பெயிண்டோடு உரிந்து வரும். சென்சார் சரியாக அமரவில்லை என்று அடியில் ரப்பர் வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், அது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு திருப்புளியில் கேட்பதற்கு ஒப்பாகும்.

சென்சாரின் மேல் உள்ள மூன்று திசைக் குறிகளில் எது கிடைமட்டம், எது செங்குத்து, எது தண்டின் நீளவாக்கு என்பதைப் படம் பிடித்து வையுங்கள். நீளவாக்கு அதிர்வு கூடினால் அச்சு விலகல் என்று பின்னர் ஐயப்பட உதவுவது அந்தப் படம்தான். இந்த வேலை முழுவதையும், மின்சாரத்தை நிறுத்தி, ஐசோலேட்டரில் பூட்டுப் போட்டு, சாவியைப் பொருத்துபவரே தம் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் செய்ய வேண்டும். விசிறி அறைக்குள் ஆள் இருப்பது சுவிட்ச் போர்டு அருகில் நிற்பவருக்குத் தெரியாது.

அடிப்படை அளவும் எச்சரிக்கை எல்லையும்

பொருத்தியவுடன் எச்சரிக்கை எல்லையை வைக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரம் இயந்திரத்தின் இயல்பு என்ன என்பதை மட்டும் பாருங்கள். சாய ஆலையில் துணிக்குச் சாயமேற்றும் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் நீர் நிரப்பும்போது ஓர் அளவும், சூடேற்றும்போது வேறோர் அளவும், அலசும்போது மற்றோர் அளவும் வரும். ஸ்டென்டர் புளோயர், மோட்டாரின் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டரில் ஓடுவதால் துணிக்குத் துணி வேகம் மாறும். இவற்றையெல்லாம் ஒன்றாகப் போட்டுச் சராசரி எடுத்தால் ஒன்றும் விளங்காது. ஒரே வேகத்தில், ஒரே சுமையில் எடுத்தவற்றை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். மின்தடையின்போதும் இயந்திரம் நின்றபோதும் வந்த சுழிய அளவுகளை நீக்கிவிட வேண்டும்.

நூற்பாலைக் கூடத்தின் காற்றைத் திரும்ப இழுக்கும் ரிட்டர்ன் ஏர் விசிறிக்கு ஒரு தனிக் குறிப்பு. வடிகட்டித் துணியில் சிறு கிழிசல் இருந்தாலும் பஞ்சுத் துகள் இதழ்களில் படியும். படிந்தது ஓர் இதழில் கூடுதலாகவும் மற்றோர் இதழில் குறைவாகவும் இருந்தால் சமநிலை குலையும். ஆயுத பூஜைக்காக விசிறியைத் தேய்த்துக் கழுவிய மறுநாள் எடுத்த அளவே அதற்கு நல்ல அடிப்படை அளவு. அதற்கு முந்தைய வாரத்து அளவோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தால், படிந்த பஞ்சு எவ்வளவு அதிர்வைத் தந்துகொண்டிருந்தது என்பதும் தெரிந்துவிடும்.

எல்லையை வைப்பதற்கு ஐஎஸ்ஓ 20816 தரத்தின் மூன்றாம் பகுதி கைகொடுக்கும். பேரிங் கூட்டில் அளந்த அதிர்வு வேகத்தை அது ஏ, பி, சி, டி என்று நான்கு மண்டலங்களாகப் பிரிக்கிறது. ஏ என்பது புதிதாக நிறுவிய நிலை, பி நெடுநாள் தடையின்றி ஓட்டத்தக்கது, சி சரிசெய்யும்வரை சிறிது காலம் மட்டும் ஓட்டத்தக்கது, டி சேதம் விளைவிக்கக்கூடியது. 15 கிலோவாட்டுக்கு மேல் 300 கிலோவாட் வரையிலான இயந்திரங்களுக்கு, உறுதியான அடித்தளத்தில், ஏ, பி, சி மண்டலங்களின் மேல் எல்லைகள் முறையே நொடிக்கு 1.4, 2.8, 4.5 மில்லிமீட்டர். ஸ்பிரிங் அல்லது நெகிழ்வான சட்டகத்தின் மேல் நிற்பவற்றுக்கு 2.3, 4.5, 7.1. 15 கிலோவாட்டுக்கும் குறைந்த மோட்டார்களுக்குப் பழைய 10816 தரத்தின் முதல் வகுப்பு எல்லைகளான 0.71, 1.8, 4.5 ஆகியவற்றை இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் மண்டலத்தைக் காட்டிலும் மாற்றமே முக்கியம், அதையும் அத்தரம் சொல்கிறது. பி மண்டலத்தின் மேல் எல்லையில் கால் பங்கு அளவுக்கு அதிர்வு மாறினால், அது கூடினாலும் சரி குறைந்தாலும் சரி, காரணம் தேட வேண்டும். மேலே சொன்ன பம்பு மோட்டாருக்கு அடிப்படை அளவு 1.6. பி மண்டலத்தின் மேல் எல்லையான 2.8-இல் கால் பங்கு 0.7. இரண்டையும் கூட்டினால் 2.3, அதுவே முதல் எச்சரிக்கை எல்லை. இந்தக் கணக்கை ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணை வைத்தால், இயல்பாகவே அதிகம் அதிரும் இயந்திரம் ஓயாமல் குறுஞ்செய்தி அனுப்பும், அமைதியான இயந்திரம் கெட்டுப்போகும்வரை வாய் திறக்காது.

வெப்பநிலைக்கு எல்லை வைப்பதானால் அறை வெப்பத்தைக் கழித்துவிட்டு வையுங்கள். கரூரிலும் ஈரோட்டிலும் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும், மார்கழி விடியற்காலை அதில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். மோட்டாரில் ஒரு மாற்றமும் இல்லாமலேயே எண் மட்டும் ஏறி இறங்கும்.

எண் ஏறினால் எதைத் தேடுவது

நான்கு போல் (காந்த முனை) கொண்ட மோட்டார் ஒன்று 1440 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 1440 முறை, சுற்றுகிறது என்றால் நொடிக்கு 24 சுற்று. அலைவடிவத்தை அதிர்வெண் வாரியாகப் பிரித்த படத்தில் 24 ஹெர்ட்ஸில் மட்டும் கோடு உயர்ந்திருந்தால், சமநிலைக் குலைவு என்று முதலில் ஐயப்படலாம். 48-இலும் உயர்ந்து, நீளவாக்கிலும் கூடியிருந்தால் கப்ளிங்கின் அச்சு விலகலைப் பாருங்கள். 24, 48, 72, 96 என்று மடங்கு மடங்காகக் கோடுகள் நின்றால் எங்கோ தளர்வு, பெரும்பாலும் அடித்தளப் போல்ட். ஆறு இதழ் இம்பெல்லர் கொண்ட பம்பானால் 144-இல் ஒரு கோடு இயல்பாகவே இருக்கும், அது வளர்ந்தால் மட்டும் வால்வையும் நீரோட்டத்தையும் கவனியுங்கள்.

பேரிங்கின் கோடுகள் இப்படி முழு மடங்கில் வருவதில்லை, அதுவே அவற்றை அடையாளம் காணும் வழி. சிறு மோட்டார்களில் பரவலாக உள்ள 6205 பேரிங்கில் ஒன்பது குண்டுகள். வெளி வளையத்தில் பொத்தல் விழுந்தால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3.585 அடிகள், உள் வளையமானால் 5.415 அடிகள். 24 சுற்றுக்கு இவை முறையே 86, 130 ஹெர்ட்ஸ். உங்கள் மோட்டாரில் இருக்கும் பேரிங்கின் எண்ணைக் குறித்து வைத்திருந்தால் மட்டுமே இந்தக் கணக்கைப் போட முடியும். ஆகவே ரீவைண்டிங்குக்குக் கொடுத்து வாங்கும்போது என்ன பேரிங் போட்டார்கள் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கு இரு மடங்கான 100 ஹெர்ட்ஸில் கோடு இருந்தால் அது மின்சாரத்தால் வருவதா, இயந்திரத்தால் வருவதா என்ற குழப்பம் எழும். ஏறக்குறைய 2900 ஆர்பிஎம் சுற்றும் இரண்டு போல் மோட்டாரில் சுற்றின் இரு மடங்கும் அதற்கு மிக அருகில் இருக்கும். இதற்கு எளிய சோதனை உண்டு. சென்சாரைத் தொடர்ந்து அளக்கும் நிலையில் வைத்துவிட்டு மோட்டாரை நிறுத்துங்கள். மின்சாரம் போன கணத்திலேயே அதிர்வு மறைந்தால் காரணம் மின்சாரம், சுற்று குறையக் குறைய மெல்லத் தணிந்தால் காரணம் இயந்திரம்.

உயர் அதிர்வெண் முடுக்கம் மட்டும் ஏறியிருந்தால், பேரிங்கை மாற்றுவதற்கு முன் அளவோடு கிரீஸ் வைத்துப் பாருங்கள். இறங்கிய எண் வாரக்கணக்கில் இறங்கியே இருந்தால் உயவு போதாமையே காரணம். இரண்டு மூன்று நாளில் மீண்டும் ஏறினால் தளம் பொத்தலாகிவிட்டது. கிரீஸ் வைத்ததும் வெப்பம் ஏறி, இறங்காமல் அப்படியே நின்றால், வைத்தது அதிகம் என்று பொருள்.

எச்சரிக்கை வந்த பிறகு

குறுஞ்செய்தி யாருக்குப் போக வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். முதலாளி முதல் செக்யூரிட்டிவரை பத்துப் பேருக்குப் போனால், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுவார்கள். ஷிப்டுக்கு ஒருவர், அவருக்கு மேல் ஒருவர், இருவர் போதும். செய்தி வந்ததும் அவர் செய்ய வேண்டியது நேரில் சென்று பார்ப்பது: சென்சார் கழன்றிருக்கிறதா, சுமை மாறியதா, பக்கத்து இயந்திரம் அதிர்கிறதா. எச்சரிக்கைகளில் ஒரு பகுதி இங்கேயே தீர்ந்துவிடும்.

உண்மையான பழுது என்றால், அளவு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பாருங்கள். ஒரு மாதத்தில் மெல்ல ஏறியதானால் பேரிங்கை வாங்கி வைத்துவிட்டு, மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளுக்காகக் காத்திருக்கலாம். அன்று எப்படியும் ஆலை நிற்கிறது, அந்த நேரத்தை வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டால் உற்பத்தியில் ஒரு மணி நேரமும் போகாது. எனக்கு இத்தொழில்நுட்பத்தின் பெரும்பயனாகத் தோன்றுவது இதுதான், ஏனெனில் பழுது வருவதைச் சென்சார் தடுப்பதில்லை, அதைச் சரிசெய்யும் நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையே நமக்குத் தருகிறது. ஆனால் ஒரே நாளில் இரு மடங்கானால் அந்த உரிமை முடிந்துவிட்டது, அன்றே நிறுத்துங்கள்.

கழற்றிய பேரிங்கை எறியாதீர்கள்

வெளி வளையத்தை வெட்டிப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஓடுதளத்தில் கேழ்வரகு மணி அளவுக்கு உரிந்த பள்ளம் இருக்கிறதா, சுற்றிலும் வாய்க்கால் வாய்க்காலாகக் கோடு விழுந்திருக்கிறதா, கிரீஸ் கறுத்து அதில் உலோகப் பொடி மினுங்குகிறதா என்று கவனியுங்கள். இன்வெர்ட்டரில் ஓடும் மோட்டாரில் ஏணிப்படிபோலச் சீரான வரிகள் தெரிந்தால், தண்டின் வழியே மின்சாரம் பாய்ந்திருக்கிறது. பேரிங்கை மட்டும் மாற்றினால் அடுத்ததும் அப்படியே போகும், எர்த்திங்கையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும்.

இவற்றைச் சென்சாரின் பதிவோடு சேர்த்து ஒரே நோட்டில் எழுதுங்கள். எங்கள் நோட்டில் ஒரு பதிவு இந்த வடிவில் இருக்கும்: இயந்திரத்தின் பெயர், பேரிங் எண், அடிப்படை அளவு, எச்சரிக்கை வந்த நாளும் அளவும், கழற்றிய நாளும் அளவும், கழற்றியபோது கண்டது, மாற்றிய பின் வந்த புதிய அளவு. கடைசிக் கட்டம் ஒன்றை ஃபிட்டருக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். சென்சார் சொல்லும் முன் அவர் காதுக்கு என்ன கேட்டது, எந்த நாளில் கேட்டது என்பதை அதில் அவரே எழுதுவார், எழுதப் பழகாதவர் சொல்ல மற்றவர் எழுதுவார்கள். அந்தக் கட்டத்தில் உள்ள தேதிக்கும் எச்சரிக்கைத் தேதிக்கும் இடையே உள்ள நாட்களை எண்ணித்தான் எங்கள் எல்லைகளை ஆண்டுக்கு ஒருமுறை திருத்துகிறோம். அவர் முந்திக்கொண்ட இயந்திரத்தில் எல்லையைக் கீழே இறக்குகிறோம், எச்சரிக்கை வந்து கழற்றியும் ஒன்றும் இல்லாத இயந்திரத்தில் மேலே ஏற்றுகிறோம். இப்படி ஐந்து இயந்திரங்களில் நோட்டு ஓராண்டு நிறைந்த பிறகு ஆறாவது சென்சாரை வாங்குங்கள்.